எடுக்காத விரல்

எனக்குப் பொறுமை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னைப் பெற்றவளிலிருந்து கட்டியவர் வரைக்கும் எல்லாரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. வரிசையில் நிற்க வராது, டாக்டர் அறை வாசலில் உட்கார வராது, பேசுகிறவர் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் வராது. ஆனால் கடுகை விடச் சின்ன பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து எலக்ட்ரானிக் போர்டில் ஈயத்தால் பத்த வைக்கிற வேலையை மட்டும் நாள் பூராவும் செய்வேன். அதைப் பார்த்துவிட்டு, உனக்கா பொறுமை இல்லை என்பார்கள். அங்கே கை ஓடிக்கொண்டே இருக்கிறது, பொறுமைக்கு வேலையே இல்லை. சும்மா இருப்பதற்குத்தான் அது வேண்டும்.

கடையில் கிடைக்காத கருவிகளை ஒன்றே ஒன்று என்று செய்து கொடுப்பது என் தொழில். நூல் அறுந்தால் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும் பெட்டி, நூறு குப்பிகளின் சூட்டை ஒரே நேரத்தில் அளக்கும் பட்டை என்று யாருக்கு எது இல்லையோ அதைச் செய்வேன். எல்லாமே யூ.எஸ்.பி வயர் வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதன் சுவரில், 'போர்டில் கை வைக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மனுஷ விரலில் எண்ணெய் இருக்கிறது, வேர்வை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் இருக்கிறது. ஒரு தடவல் போதும், ஒரு மாத உழைப்பு பாழ்.

இந்தத் தடவை கருவி கேட்டவன் என் கொழுந்தன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். வீட்டில் அவனுக்குப் பேர் கணக்கு. மாடிப்படி முப்பத்தேழு, வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு அடி என்று எதையும் எண்ணி வைத்திருப்பான். கோபத்தில் ஒருநாள் நான் எத்தனை முறை 'ச்சே' சொன்னேன் என்பதைக்கூட ராத்திரி சாப்பாட்டின்போது அறிவித்தவன். பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி செய்கிறான். எந்தக் கயிற்று முடிச்சை வெட்டாமல் அவிழ்க்கலாம், எதை அவிழ்க்கவே முடியாது என்பதற்கெல்லாம் ஒரு கணிதம் இருக்கிறதாம். "அஞ்சு வருஷமா கயிறு திரிச்சிட்டிருக்கான்" என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர், தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர். கேலி செய்தால்தான் அவருக்குப் பாசம் வெளியே வரும்.

அந்த ஐந்து வருஷமும் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவனுக்கு வைவா. மூன்று பேர் முன்னால் தன் ஆய்வைச் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இது இரண்டாம் முறை. முதல் முறைக்கு மூன்று நாள் முன்னால் அவனுடைய பிரெய்ல் பலகை செத்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் வரியை, தொட்டுப் படிக்கிற புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் நீளப் பெட்டி அது. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. சரி, திரையைப் படித்துச் சொல்லும் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு போனான். காதுக்குள் ஒரு குரல், 'அடைப்பைத் திற, எக்ஸ் கீழே ஒன்று, அடைப்பை மூடு' என்று ஓட, வாய் வேறொன்றைப் பேச வேண்டும். கேட்டுக்கொண்டே எப்படிப் பேசுவது? பத்தாவது நிமிஷத்தில் நாக்கு பின்னி, நின்றுவிட்டான். அவனுக்கு எல்லாம் மனப்பாடம்தான். ஆனால் அவர்கள் இந்தப் பக்கம், அந்த வரி என்று குறிப்பிட்டுக் கேட்பார்கள். இருநூறு பக்கத்தில் ஒரு குறியைத் தேடிப் போக விரலுக்குக் கீழே வரி வேண்டும். இன்னொரு தேதி கொடுத்தார்கள். மூன்றாவது தேதி என்று ஒன்று விதியிலேயே இல்லை.

அதனால் நான் செய்தேன். செத்த பலகையிலிருந்து நாற்பது எழுத்துக் கட்டங்களையும் உயிரோடு கழற்றினேன். கட்டத்துக்கு எட்டு ஊசி, ஒவ்வொன்றும் மேலே எழும், கீழே இறங்கும். அவற்றை ஆட்டிவைக்க ஒரு புதுப் போர்டு வரைந்து, பத்த வைத்து, பட்டறை மேஜையில் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன். தங்கமாக ஓடியது. போர்டின் நாடித்துடிப்பு மாதிரி ஒரு கிரிஸ்டல் அதில் உண்டு, விநாடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் முறை அதிரும். மின் அதிர்வை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் கொக்கியை அதன் காலில் மாட்டி வைத்திருந்தேன். பச்சை அலை திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். கிரிஸ்டலின் இரண்டு பக்கமும் துளி மின்சாரம் பிடித்து வைக்கிற குட்டி கெப்பாசிட்டர் ஆளுக்கொன்று வைக்கச் சொல்லி நூல்களில் எழுதியிருக்கிறது. இல்லாமலே ஓடியது, விட்டுவிட்டேன். குறைந்த பாகம், குறைந்த பழுது என்பது நானே வகுத்துக்கொண்ட கொள்கை.

புதன்கிழமை காலை கொக்கியைக் கழற்றிவிட்டுப் போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அவன் அறைக்குக் கொண்டுபோய் அவனுடைய லேப்டாப்பில் செருகினேன். மொட்டையாக மூன்று சத்தம் வந்தது. 'யூ.எஸ்.பி சாதனம் அடையாளம் தெரியவில்லை.'

வயரை மாற்றினேன். சில வயர்கள் மின்சாரத்தை மட்டும் தரும், பேச்சைக் கடத்தாது. நல்ல வயரிலும் அதே மூன்று சத்தம். என்னுடைய கம்ப்யூட்டரில் போட்டேன், வீட்டுக்காரரின் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். அது ஒருபடி மேலே போய் டிரைவர் இல்லை என்று வேறு சொன்னது. "நான் இங்கதான நிக்கிறேன்" என்றார் அவர். நான் பார்த்த பார்வையில் அடுத்த ஷிப்டுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

மத்தியானம் நான் கணக்கின் மேஜைக்கடியில் உட்கார்ந்து வயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தேன். அவன் நாற்காலியிலிருந்து இறங்கி, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வயரைச் செருகியதும் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டான். வேறு யாராவது கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அவனுக்குச் சொன்னேன்.

வயருக்குள்ளே நான்கு கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. மின்சாரம் வந்தவுடன் கருவி பேச்சுக் கம்பிகளில் ஒன்றை லேசாக மேலே இழுத்துப் பிடிக்கும். வகுப்பில் கை தூக்குவதுபோல. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், யார் என்று தெரியாது. புதிதாக வருகிற எதற்கும் எண் பூஜ்யம். மௌஸானாலும் சரி, மலையுச்சியில் இருக்கிற தொலைநோக்கியின் கேமராவானாலும் சரி, முதல் கணத்தில் எல்லாமே பூஜ்யம்தான். 'பூஜ்யமே, நீ யார்?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். குறித்த நேரத்துக்குள் கருவி பதினெட்டு எழுத்து அளவில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கென்று ஒரு எண் கிடைக்கும், அன்றிலிருந்து அது இந்த வீட்டு மனுஷன். இத்தனையும் நாம் வயரிலிருந்து கையை எடுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இருபது வருஷமாக இதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன், ஒரு நாளும் இதில் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அன்றைக்கு மேஜைக்கடியில் அதை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உலகம் முழுக்க ஒவ்வொரு நொடியும் எத்தனை கருவிகள் பூஜ்யமாக வந்து நின்று, கேள்வி கேட்கப்பட்டு, பேர் வாங்கிக்கொண்டு போகின்றன.

அவன் வயரின் முனையை வாங்கித் தடவிப் பார்த்தான். பிறகு, "அப்ப நம்ம பலகை கை தூக்குது. யாருன்னு கேட்டா பேச மாட்டேங்குது. அதானே அண்ணி?" என்றான்.

"ஆமா. கையத் தூக்கிட்டு முழிக்குது."

"எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு" என்றான்.

போர்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அடுத்ததாகக் கேட்டான். அவன் எதையும் பார்ப்பது விரலால்தான், கேட்டதில் தப்பே இல்லை. நான் முடியாது என்றேன். பட்டறைச் சுவரில் எழுதியிருப்பதை அவனுக்குச் சொல்லிக் காட்டவும் செய்தேன்.

வியாழக்கிழமை பெட்டியைப் பிரித்து மேஜையில் போட்டேன். வயர் சொருகும் வாய், பேச்சுக் கம்பிகள் இடம் மாறியிருக்கிறதா, பதினெட்டு எழுத்தில் ஏதும் பிழையா என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். கிரிஸ்டலை மட்டும் கடைசிக்குத் தள்ளினேன். மூன்று வாரம் கண்முன்னால் ஓடியதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? சாயங்காலம் வேறு வழியில்லாமல் அதன் காலில் கொக்கியை மாட்டினேன். பச்சை அலை வந்தது. கூடவே கம்ப்யூட்டரும் மணியடித்ததுபோல் இரண்டு சத்தம் கொடுத்தது, ஒன்று தாழ, ஒன்று உயர. கருவியை அடையாளம் கண்டுகொண்டால் வருகிற சத்தம் அது.

நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கொக்கியை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடினேன். செருகினேன். மொட்டையாக மூன்று சத்தம். பிரித்தேன், கொக்கியை மாட்டினேன், அடையாளம் தெரிந்தது. மூடினேன், தெரியவில்லை. நான் பார்த்தால் வேலை செய்கிறது, பார்க்காவிட்டால் படுத்துக்கொள்கிறது. டிப்போவிலும் அப்படித்தான், மெக்கானிக் தலையைக் கண்டதும் நின்ற வண்டி கிளம்பிவிடும் என்றார் அவர். என் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள். எங்கேயோ ஒரு பத்த வைப்பு விட்டிருக்கிறது, பிரிக்கும்போது போர்டு அசைந்து ஒட்டிக்கொள்கிறது, மூடினால் விட்டுக்கொள்கிறது. நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து நானூற்றுப் பதினாறு இடத்தையும் மறுபடி பத்த வைத்தேன். மாலை நான்கு மணிக்கு, கொக்கி எதுவும் இல்லாமல் செருகினேன். அடையாளம் தெரிந்தது. பத்து முறை பிடுங்கிப் பத்து முறை செருகினேன், பத்துக்கும் இரண்டு சத்தம். கணக்கு ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் என் திமிர். பத்த வைத்தால் போர்டு மேல் மஞ்சளாகப் பிசின் படியும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். நாளைக்குப் படித்தவர்கள் நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது திறந்து பார்த்தால்? ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பளிச்சென்று துடைத்து, மூடி, திருகாணிகளை முடுக்கினேன். மறுபடி செருகிப் பார்க்கவில்லை. துடைத்ததற்கெல்லாம் யாராவது சோதனை செய்வார்களா?

சனிக்கிழமை ஒன்பதரைக்கு நாங்கள் இருவரும் மூன்றாவது மாடியில் அந்த அறைக்குள் போனோம். நீள மேஜை, ஆறு நாற்காலி, மூடி போட்ட தண்ணீர் ஜாடி. மேஜையில் அவனுடைய ஆய்வேடு தடித்தடியாக மூன்று பிரதி. தேர்வாளர்கள் வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று லேப்டாப்பைத் திறந்து பலகையைச் செருகினேன்.

மூன்று சத்தம்.

மறுபடி செருகினேன். அதே மூன்று சத்தம். கணக்கு சட்டைக் காலரை ஒருமுறை சரி செய்துகொண்டான். கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் வைத்திருப்பேன். வயரைப் பிடுங்காமலே பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். போர்டின் முதுகு கண்ணாடிபோல் மின்னியது. பார்க்க ஸ்கோப் இல்லை, பத்த வைக்க சால்டரிங் அயர்ன் இல்லை, வீடு நாற்பது நிமிஷத் தூரத்தில் இருக்கிறது. ஒரு மூலையில் விட்டு இன்னொரு மூலையாக நானூற்றுப் பதினாறு புள்ளிகளையும் முறைத்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன, அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணி, இப்பவாவது நான் பாக்கட்டுமா?" என்றான்.

பாழாவதற்கு இனி என்ன இருக்கிறது? அவன் கையைப் பிடித்துப் போர்டின் மேல் வைத்தேன். பத்து விரலும் அதன் மேல் மெல்ல நகர ஆரம்பித்தன. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, ஒரு பக்கத்தைப் படிப்பதைப்போலவே. முள்முள்ளாக நிற்கும் ஒவ்வொரு புள்ளியையும் தடவி, வரிசைகளை எண்ணினான். எந்த விரலையும் அழுத்தவில்லை. இருபது வருஷமாக நான் கண்ணால் பார்த்த எதையும் இத்தனை மரியாதையாகப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

லேப்டாப் இரண்டு சத்தம் கொடுத்தது. ஒன்று தாழ, ஒன்று உயர.

இருவரும் அசையவில்லை. அவன் பத்து விரலையும் எடுத்தான். கருவி போய்விட்டது என்கிற சத்தம் வந்தது. பிறகு ஒரு விரலை மட்டும் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினான். இரண்டு சத்தம். எடுத்தான், போனது. வைத்தான், வந்தது.

"இங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு முள்ளு. அதச் சுத்தி ரெண்டு காலி இடம். இதுதான்" என்றான்.

அவன் விரலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கிரிஸ்டலின் இரண்டு கால்கள். பக்கத்தில், வேண்டாம் என்று நான் விட்ட இரண்டு கெப்பாசிட்டர்களின் காலி இடம்.

கிரிஸ்டல் அதிர ஆரம்பிக்க அதன் கால்களில் ஒரு துளி பாரம் வேண்டும். நான் வைக்கவில்லை. மூன்று வாரம் அதைத் தாங்கியது என் ஸ்கோப்பின் கொக்கி. அது ஓடுகிறதா என்று பார்க்க மாட்டியதே அதை ஓடவைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தாங்கியது அந்த மஞ்சள் பிசின், அதையும் துடைத்துவிட்டேன். இப்போது தாங்குவது அவன் விரல். மனுஷ உடம்பு தன்னிடம் வைத்திருக்கிற மின்சாரம் தூசியிலும் தூசி, அது இருப்பதே நமக்குத் தெரியாது. அந்தத் தூசி போதுமாக இருந்தது. பெரிய பெரிய விஷயங்களைக் கண்டு வாய் பிளப்பவர்கள் உண்டு. நான் அந்த அறையில் ஒரு விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு வாய் பிளந்து நின்றேன்.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. வெள்ளித்தாள் எதையாவது மடித்து வைக்கலாம் என்றால் இரண்டு காலும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். அவனே விரலை வைத்துக்கொள்ளவும் முடியாது, படிக்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆய்வேட்டுப் பிரதிகளில் இரண்டை எடுத்து, பெட்டியின் இரண்டு முனைக்கும் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைத்தேன். கீழே கை நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை அடியில் விட்டு, ஆள்காட்டி விரலை அந்த இரண்டு முள்ளில் வைத்தேன். இரண்டு சத்தம் வந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு மூன்று பேரும் வந்தார்கள். தலைமை வகித்தவர் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முதல் பார்வையே என் மேல்தான் விழுந்தது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை, வெளியே காத்திருக்கும்படி மரியாதையாகச் சொன்னார்.

"நான் ஆள் இல்லைங்க. இந்தக் கருவியில ஒரு பார்ட் குறையுது. அந்தப் பார்ட் நான்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேஜைக்குச் சமமாகக் குனிந்து, பெட்டிக்கு அடியில் பார்த்தார். விரலை எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தேன், போனது. வைத்தேன், வந்தது. நிமிர்ந்து, முடிச்சுகளின் கணிதம் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். கூட்டல் கழித்தலில் தடுமாற மாட்டேன் என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பார்ட் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கணக்கு ஆரம்பித்தான்.

அந்தப் பலகை வேலை செய்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் சோதனை போடும்போது மட்டும்தான். எல்லா ஊசியும் எழும், எல்லா ஊசியும் இறங்கும். யாரும் அதில் படித்து நான் பார்த்ததில்லை. இப்போது என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் வரிகள் எழுந்தன. வலது கை ஒரு வரியை முடித்து அடுத்ததை அழைக்க, புது வரி எழுந்த அதே கணத்தில் இடது கை அதன் தொடக்கத்தில் தயாராக இருந்தது. ஒரு கை விட்ட இடத்தில் இன்னொரு கை எடுத்தது. வாய் நிற்காமல் பேசியது, திக்கவில்லை, திணறவில்லை. நடுநடுவே கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டு, விட்ட வரிக்கே விரல் திரும்பி வந்தது. என்ன சொல்கிறான் என்று எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் வீட்டில் முப்பத்தேழு படி எண்ணிக்கொண்டிருப்பவன் இவன்தானா என்று இருந்தது. இத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இவன் இத்தனை பெரியவன் என்று எனக்குத் தெரியாது.

மூக்கு அரித்தது. தோள் வலித்தது. விரல் மரத்துப்போய், அதை வைத்திருக்கிறேனா இல்லையா என்பதே சந்தேகமாகிவிட்டது, அதனால் இன்னும் அழுத்தினேன். அதற்குக் கீழே விநாடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் துடிப்பு. எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் அவன் தொடுகிற ஒவ்வொரு புள்ளியும் என் விரல் வழியாகத்தான் எழுந்து போகிறது. நினைக்க நினைக்க பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நாற்பதாவது நிமிஷத்தில் தலைவரம்மா எண்பத்து மூன்றாம் பக்கம், நான்காவது வரியைப் படிக்கச் சொன்னார். விரல்கள் பறந்து போய் அந்த வரியில் நின்றன. படிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

என் விரல் நழுவிவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் புள்ளிகள் எழுந்துதான் நின்றன. அவன் விரல் வரியின் தொடக்கத்துக்குப் போய் மெதுவாக ஊர்ந்து வந்து, ஒரு கட்டத்தில் நின்று, முன்னும் பின்னும் தடவியது. எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. பேசு தம்பி, பேசு என்று உள்ளுக்குள் கதறினேன். பார்ட் பேசக் கூடாது.

"இங்க ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கு" என்றான். "என் தப்புதான். அடுத்த வரியில குறி சரியா இருக்கு, அதனால முடிவு மாறாது. ஆனா இந்த வரி தப்பு."

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். இந்த வரிக்காகவே கேட்டதாகச் சொன்னார்.

அவர்கள் கலந்து பேச அடுத்த அறைக்குப் போனார்கள். திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்டால் என்ன செய்வது? நான் விரலை எடுக்கவில்லை. பதினொரு நிமிஷம். என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்த மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும். கதவு திறந்தது. தலைவரம்மா நேராக அவனிடம் வந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, "டாக்டர்" என்று கூப்பிட்டார். மற்ற இருவரும் குலுக்கினார்கள். யார் யாரோ வந்தார்கள், கைதட்டினார்கள், போனார்கள். அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அவன் போன் செய்தான். போனில் பஸ்ஸின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

எல்லாரும் போன பிறகு அவன் பலகையை எடுத்து வைக்கப் பெட்டிக்கடியில் கை விட்டான். அவன் கையில் என் கை தட்டுப்பட்டது.

"அண்ணி, இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"எடுக்கலாமா?" என்றேன்.

"எடுங்க. முடிஞ்சிருச்சு."

எடுத்தேன். போய்விட்டது என்கிற சத்தம் வந்தது. மடக்கிய முழங்கை நிமிரவில்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, அந்த ஆள்காட்டி விரலைத் தேடியெடுத்து, நுனியைத் தன் விரலால் தொட்டான். அங்கே இரண்டு குழி ஆழமாகப் பதிந்திருந்தது. ஒன்றில் ரத்தம் கசிந்து ஈரமாக இருந்தது.

"தொட்டாலே போதும் அண்ணி. இப்படி அழுத்தணும்னே இல்லை" என்றான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு சத்தம் போட வாயைத் திறந்தேன். அவன் என் கையை விடவில்லை. அந்த இரண்டு குழியின் மேலும் விரலை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினான். திரும்பத் தொடக்கத்துக்கு வந்து இன்னொரு முறை நகர்த்தினான்.

"என்ன படிக்கிற?" என்றேன்.

"இருங்க அண்ணி" என்றான். "இன்னும் முடிக்கல."